உண்ட உணவும் உரைத்த சொல்லும்

சமணச் சான்றோர் இருவர் தாம் இயற்றிய அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்த சூரணம் முன்னது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர்கள் சேர்ந்த மருந்து பின்னது. உடல் வேறு, உயிர் வேறு என்று ஐயத்திற்கு இடமின்றி உரைக்கும் சமயத்தைச் சார்ந்த இப்பெரியோர், உள்ளத்திற்குச் சொல்ல வந்த அறத்தை உடலின் மருந்தோடு ஏன் ஒப்பவைத்தனர்? இந்நூல்களைப் பள்ளியில் கற்பித்த காலத்தில் இவ்வினா எமக்குத் தோன்றியதில்லை. எழுபது வயதைக் கடந்த பின்னர், எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இதனை எழுப்பிற்று.

உண்ணும் உணவும், குடலில் வாழும் நுண்ணுயிர்களும், நோயை எதிர்க்கும் உடலின் காவற்படையும் மூளையின் செயலை மாற்ற வல்லவை என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அங்ஙனமாயின், நம் வாயினின்று பிறக்கும் கடுஞ்சொல்லுக்குப் பொறுப்பாளி யார்? உண்டவரா, உணவா, நோயா, வினையா? அறத்தைப் பேணும் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய வினா இது. யாம் அறிந்த அளவில் இதனை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

தங்கைக்கு நேர்ந்தது

எம்மினும் நான்கு ஆண்டு இளையவளான தங்கை ஒருத்தி உண்டு. பொறுமையில் அவளே எமக்கு மூத்தவள். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பாள். வடிகட்டாத நீரை அருந்தாள். கிழங்கு வகைகளைத் தொடாள். அவள் எவரையும் சுடுசொல் கூறி யாரும் கேட்டதில்லை. அத்தகையவள் ஓராண்டுக் காலத்திற்குள் முற்றிலும் மாறினாள். பெட்டிச் சாவியை வைத்த இடம் மறந்துவிட்டு, மருமகள் ஒளித்து வைத்தாள் என்றாள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால், தன்னை நோகடிக்கவே அவ்வாறு செய்தாள் என்றாள். இருட்டில் நடக்கும்போது தள்ளாடினாள். ஒரு நாள் காலிலிருந்து செருப்புக் கழன்றதை அறியாமலே தெருக்கோடி வரை நடந்து சென்றாள்.

யாம் செய்தது யாது? அறிவுரை கூறினோம். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறிப் பழகிய நா அன்றோ! "இத்தனை நோன்பு நோற்று என்ன பயன்? நாவை அடக்க உனக்குத் தெரியவில்லையே" என்று மருமகள் எதிரிலேயே கூறினோம். அவள் தலைகவிழ்ந்து கேட்டுக்கொண்டாள். மறுநாள் மீண்டும் அவ்வாறே பேசினாள். அவளுடைய நோன்பெல்லாம் வெறும் பழக்கமே போலும் என்று உள்ளூர எண்ணினோம். அவ்வெண்ணத்தை இன்று எழுதும்போதும் நாணம் மேலிடுகிறது.

கால் மரத்துப்போகிறது என்பதற்காகவே அவளை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம், கோபத்திற்காக அன்று. அவர் முதலில் நாக்கைப் பார்த்தார். அது சிவந்து, மேடுபள்ளமின்றி வழவழப்பாக இருந்தது. பின்னர் இசைக்கவையைத் தட்டி அதன் காம்பைக் கால் பெருவிரலில் வைத்து, "அதிர்வு தெரிகிறதா, அம்மா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. மறதி உண்டா, சினம் மிகுந்துள்ளதா, பிறர்மேல் ஐயம் எழுகிறதா என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டபோது யாம் திகைத்தோம். குருதியைச் சோதித்ததில் வைட்டமின் பி12 என்னும் சத்து மிகமிகக் குறைந்திருந்தது. அடுத்து மேற்கொண்ட மற்றொரு சோதனை அதன் காரணத்தையும் காட்டிற்று. அவளுடைய உடலே தன் இரைப்பையைப் பகையெனக் கருதித் தாக்கிக்கொண்டிருந்தது.

செய்தி பரவியதும் இரு வகையான தீர்ப்புகள் வந்தன. "பாலும் தயிரும் ஒழுங்காக உண்டிருந்தால் இது வருமா?" என்றனர் உறவினர். "இறைச்சி உண்ணாததன் விளைவு" என்றார் அயல்வீட்டார். மருத்துவர் இரண்டையும் மறுத்தார். சத்தை உள்ளே ஏற்கும் வழியே அடைபட்டுவிட்டதால், அவள் எதை உண்டிருந்தாலும் இதுவே நேர்ந்திருக்கும் என்றார். ஆக, அவளுடைய நாவைக் குறைகூறிய யாமும், அவளுடைய உணவைக் குறைகூறிய மற்றவரும் ஒருங்கே பிழைபட்டோம்.

ஒரு செந்நிறத் துகளின் வரலாறு

ஊசி மருந்து கொண்டுவரப்பட்டது. செம்பருத்திச் சாறு போலச் சிவந்திருந்தது. தங்கை அதனை உற்று நோக்கி, "ஐயா, இம்மருந்து எதிலிருந்து செய்யப்படுகிறது?" என்று கேட்டாள். அறிவு தடுமாறிய அந்நிலையிலும் அகிம்சை அவளை விட்டு நீங்கவில்லை. அவ்வினாவிற்குரிய விடை ஒரு நெடிய வரலாறு.

இலண்டன் நகரத்து கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் 1849ஆம் ஆண்டு இந்நோயை விவரித்தார். உடல் வெளுத்து, வலுவிழந்து, பலர் அறிவும் தடுமாறி இறந்தனர். மருந்து எதுவும் இல்லாமையால் இது கொடிய இரத்தசோகை எனப் பெயர் பெற்றது. 1926ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்னும் மருத்துவர்கள், நாள்தோறும் பெருமளவு ஈரல் உண்ட நோயாளிகள் பிழைத்ததைக் கண்டறிந்தனர். நாய்களின் குருதியை வடித்துச் செய்த ஆய்வுகளால் விப்பிள் என்பவர் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தார். மூவரும் 1934இல் நோபல் பரிசு பெற்றனர். இதனை எழுதுவதற்கே நம்மனோர் கை கூசும். ஆயினும் இன்று நாம் பயன்கொள்ளும் அறிவு எவ்வழியே வந்தது என்பதை மறைப்பது வாய்மை ஆகாது.

1929இல் வில்லியம் காசில் என்னும் மருத்துவர் மற்றொன்றைக் காட்டினார். உணவில் உள்ள சத்து மட்டும் போதாது. நலமுடையோர் இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருளும் அதனோடு சேர வேண்டும். அதனை அகக் காரணி என்பர். அப்பொருள் பி12 சத்தைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று சிறுகுடலின் கடைப்பகுதியில் சேர்ப்பிக்கிறது. 1960களில், இந்நோயாளர் பலருடைய குருதியில் அவ்வகக் காரணியையும் அதனைச் சுரக்கும் இரைப்பைச் செல்களையும் எதிர்க்கும் பொருள்கள் இருப்பது தெளிவாயிற்று. எம் தங்கைக்கு நேர்ந்ததும் அதுவே.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் கிளாக்சோ நிறுவனத்தாரும் தனித்தனியே இச்சத்தைச் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை 1956இல் எக்ஸ் கதிர்களின் துணையால் கண்டு கூறியவர் டோரதி ஹாட்ஜ்கின் என்னும் அம்மையார். 1964இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இப்பெருமாட்டியைப் பற்றிப் பின்னரும் கூற வேண்டியுள்ளது.

இச்சத்தை எந்த விலங்கும் ஆக்குவதில்லை. எந்தச் செடியும் ஆக்குவதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே ஆக்குகின்றன. பாலில் இது இருப்பதன் காரணம், பசுவின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லில் உள்ள கோபால்ட் என்னும் உலோகத்தைக் கொண்டு இதனைச் சமைத்துத் தருவதே. ஈரலில் இருப்பதும் அங்ஙனம் வந்து சேர்ந்ததே. இந்த உண்மை தெரிந்த பின்னர் ஈரலின் தேவை ஒழிந்தது. இன்று பெருங்கலங்களில் சர்க்கரை போன்ற ஊட்டப் பொருளிட்டு நுண்ணுயிர்களை வளர்த்து இம்மருந்தைச் செய்கின்றனர்.

மனிதக் குடலிலும் இத்தகைய நுண்ணுயிர்கள் உள்ளன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. சத்தை உறிஞ்சும் இடமோ அதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. வாய்க்காலின் கடைமடைக்கு அப்பால் ஊறும் நீர் வயலுக்குப் பாயாதது போன்றது இது. எனினும் 1980ஆம் ஆண்டு, நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாதன், பேக்கர் என்னும் ஆய்வாளர்கள், தென்னிந்தியர் சிலரின் சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்களும் இச்சத்தை ஆக்க வல்லவை என்று 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். நம் ஊர்களுக்கு அண்மையில் நிகழ்ந்த ஆய்வு இது என்பதில் நாம் மகிழலாம். ஆயினும் அதனை நம்பி இருந்துவிடலாகாது. பால் மட்டுமே இச்சத்திற்கு வாயிலாக உள்ள நம் இல்லங்களில் குறைபாடு நேர்வது அரிதன்று.

மருத்துவர் இவற்றைச் சுருங்கக் கூறினார். தங்கை ஓரிரவு எண்ணிப் பார்த்தாள். மறுநாள் காலை, "வேண்டுமென்றே கொல்வதற்காக அவர்கள் அவற்றை வளர்க்கவில்லை, பிழைப்பிப்பதற்காக வளர்க்கிறார்கள். ஆனாலும் அவ்வுயிர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று கூறிக் கையை நீட்டினாள்.

உள்ளே வாழும் கோடானுகோடி

அவளுடைய தயக்கத்தை எள்ளி நகையாடுவோர் இருக்கலாம். யாம் அங்ஙனம் செய்யோம். 1683ஆம் ஆண்டு ஆலந்து நாட்டு லேவன்ஹூக் தம் பல் அழுக்கை உருப்பெருக்கியில் வைத்து, அதில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டு வியந்து எழுதினார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எங்கும் நிறைந்துள்ளன என்னும் எண்ணம் அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆகமங்களில் வேரூன்றியிருந்தது. அதற்காக, நுண்ணோக்கி காட்டும் நுண்ணுயிரும் ஆகமம் கூறும் நிகோத உயிரும் ஒன்றே என்று அவசரப்பட்டு முடிவு கட்டுதல் தகாது. அறிவியலுக்கு அதன் அளவை வேறு. ஆகமத்திற்கு அதன் அளவை வேறு.

ஒரு மனித உடலில் எத்துணை நுண்ணுயிர்கள் உள்ளன? உடலின் செல்களைப் போலப் பத்து மடங்கு என்று நெடுங்காலம் கூறிவந்தனர். 2016இல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் முதலியோர் மீண்டும் கணக்கிட்டு அதனைத் திருத்தினர். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி நுண்ணுயிர்களும், அவருடைய சொந்தச் செல்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடியும் உள்ளன என்பது அவர்கள் மதிப்பீடு. அந்நுண்ணுயிர்கள் அனைத்தையும் சேர்த்து நிறுத்தால் ஏறத்தாழ 200 கிராம்தான் தேறும். எனினும், 'என் உடல்' என்று நாம் கூறும் இவ்வீட்டில் எண்ணிக்கையால் சிறுபான்மையர் நாமே!

நீரை வடிகட்டி அருந்தும் நாம் இத்தனை உயிர்களைச் சுமந்துகொண்டு அகிம்சை பேசலாமா என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன கூறுவோம்? கருத்தின்மையாலும் ஆசை சினம் முதலியவற்றாலும் உந்தப்பட்டு உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. எனவே வினாவின் மையம் எண்ணிக்கையன்று, எண்ணமே. தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்கவும், தவிர்க்க இயலாததில் கருத்தோடு நடக்கவும் இல்லறத்தார் கடமைப்பட்டவர். சளி பிடித்தவுடன் மருத்துவரைக் கேளாமல் தாமே நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குவது, தேவையின்றி உள்ளிருக்கும் கோடிகளை அழிப்பது மட்டுமன்று. தம் உடலுக்கும் தாமே தீங்கு தேடுவது. உண்மையாகவே தேவைப்படும்போது அதனை மறுப்பதும் அறமன்று.

குடலுக்கும் மூளைக்கும் உள்ள வழி

குடலில் நிகழ்வது மூளைக்கு எட்டுவது எங்ஙனம்? வேகஸ் என்னும் நெடிய நரம்பு ஒன்று மூளையின் அடியிலிருந்து வயிறு வரை செல்கிறது. அதன் இழைகளிற் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டு செல்பவை. குருதியின் வழியே செல்லும் பொருள்கள் மற்றொரு பாதை.

இதற்கு மறுக்கவொண்ணாத சான்று ஈரல் நோயாளரிடம் உண்டு. குடல் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நலமுற்ற ஈரல் அதனை நீக்கிவிடும். ஈரல் பழுதுற்றால் அந்நஞ்சு குருதியில் தேங்கி, நோயாளி பகலில் உறங்கி இரவில் விழித்து, பிதற்றி, உற்றாரையும் அடையாளம் காணாது போவார். லாக்டுலோஸ் என்னும் இனிப்பான பேதி மருந்தும், குடல் நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் மருந்தும் கொடுத்தால் பலர் தெளிவடைகின்றனர். குடலுக்குக் கொடுத்த மருந்து அறிவைத் தெளிவிக்கிறது என்பது எத்துணை வியப்பு!

2004ஆம் ஆண்டு ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுண்ணுயிர் எதுவுமின்றி வளர்க்கப்பட்ட எலிகள் நெருக்கடியில் அளவுக்கு மீறி உடற்கலக்கம் அடைவதையும், இளமையிலேயே ஒரு வகை நன்னுண்ணுயிரைக் கொடுத்தால் அது தணிவதையும் கண்டனர். ஆனால் எலிக்குக் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிக் கூறலாகாது. 'மகிழ்ச்சி தரும் செரடோனின் குடலில்தான் பிறக்கிறது' என்று இந்நாளில் பலரும் பேசக் கேட்கிறோம். அது பெரும்பகுதி குடலில் உண்டாவது மெய்யே; எனினும் அங்கு உண்டானது மூளையின் அரணைக் கடந்து உள்ளே செல்வதில்லை. அரை உண்மை முழுப் பொய்யினும் எளிதாகப் பரவும்.

பி12 சத்தின் செயல் இன்னும் நேரானது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறையைக் காப்பதற்கு அது இன்றியமையாதது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோகிராம் போதும். கண்ணுக்கும் புலப்படாத அளவு. அது ஆண்டுக்கணக்கில் கிட்டாவிடில் கால் மரக்கும், நடை தள்ளாடும், நினைவு மங்கும், மனச்சோர்வும் ஐயமும் சினமும் தலைதூக்கும். எம் தங்கையின் ஓராண்டுச் சினம் முழுதும் ஒரு கடுகின் தலையில் அடங்கும் பொருளின் குறைவால் எழுந்தது.

தன்னைத் தாக்கும் உடல்

உடலின் காவற்படை தன்னது எது, அயலது எது என்று பிரித்தறியும் திறம் வாய்ந்தது. அத்திறம் பிறழ்ந்து, தன் உறுப்பையே அயலெனக் கொண்டு தாக்கும் நிலையைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம். முடக்குவாதத்தின் ஒரு வகை, இளம்பருவத்து நீரிழிவு, தைராய்டு நோய் சில, மூளை நரம்புறையைத் தாக்கும் நோய் எனப் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. தன்னையும் பிறிதையும் பகுத்துணரும் பேத ஞானத்தைப் பேசும் நமக்கு இவ்வுவமை இனிக்கும். ஆயினும் உவமையை உவமையாகவே நிறுத்த வேண்டும். உடல் பகுத்தறியத் தவறிற்று என்பதால் அவ்வுடலில் உறையும் உயிர் ஞானத்தில் தாழ்ந்தது ஆகாது.

உணவுக்கும் இந்நோய்களுக்கும் தொடர்பு உண்டா? ஐயமின்றி உண்டு என்று கூறத்தக்கது சீலியாக் நோய். வயிறு உப்பி, உடல் மெலிந்து வாடிய குழந்தைகளைக் கண்ட நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையே காரணமாகலாம் என்று 1930களிலேயே ஐயுற்றார். 1944, 1945ஆம் ஆண்டுகளின் பனிக்காலத்தில் போரினால் அந்நாட்டில் கொடும்பஞ்சம் நிலவிற்று. ரொட்டி அருகியது. ஊரெல்லாம் வாட, இக்குழந்தைகளோ தேறின! மீண்டும் ரொட்டி வந்ததும் நோயும் மீண்டது. அவர் 1950இல் தம் ஆய்வேட்டில் இதனை நிறுவினார். கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் அத்தகையோரின் காவற்படையைத் தம் குடலுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. சிலரிடம் அது மூளையையும் தாக்கி நடையைத் தடுமாறச் செய்யும். அவ்வுணவை அறவே விட்டால் குடல் ஆறுகிறது.

ஆனால் ஒரு நோய்க்குப் பொருந்தியதை எல்லா நோய்க்கும் விரித்துரைப்பது பிழை. மற்றத் தன்னுடல் தாக்கு நோய்கள் பலவற்றில் நோயாளரின் குடல் நுண்ணுயிர்த் தொகுதி பிறரினும் வேறுபட்டிருப்பது காணப்பட்டுள்ளது. அவ்வேறுபாடு நோயின் காரணமா, நோயின் விளைவா என்பது அவற்றுள் பலவற்றில் இன்னும் தீர்ந்தபாடில்லை. கீரை, பருப்பு, முழுத்தானியம் ஆகியவற்றின் நாரைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து, குடற்சுவரைப் பேணும் அமிலங்களாக மாற்றித் தருகின்றன என்பது உறுதி. அதனால் நல்லுணவு நன்று. எனினும் 'இதை உண்டால் அந்நோய் அகலும்' என்று கூறுவதற்கு அவ்வளவு மட்டும் போதாது. அங்ஙனம் கூறி மருந்தை நிறுத்தச் செய்வது கொடுமை.

ஹாட்ஜ்கின் அம்மையாரை இங்கு நினைவுகூர்வோம். 1930களின் இறுதியில், இளமையிலேயே, அவரை முடக்குவாதம் பற்றியது. அதுவும் தன்னுடல் தாக்கு நோயே. கைவிரல்கள் கோணிய நிலையிலும் நுண்ணிய படிகங்களைக் கையாண்டு, எம் தங்கை போன்ற எண்ணற்றோரைக் காக்கும் மருந்தின் வடிவைக் கண்டுரைத்தார். அவரிடம் சென்று, "நீங்கள் உண்ட உணவே உங்கள் நோய்க்குக் காரணம்" என்றோ, "உள்ளம் செம்மையாக இருந்தால் உடல் செம்மையாகும்" என்றோ கூற எவருக்கு நா எழும்? ஆனால் நம் தெருவில் நோயுற்ற பெண்ணிடம் நாள்தோறும் கூறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

யார் பொறுப்பு?

இனி முதல் வினாவிற்கு வருவோம். மருந்து தொடங்கிச் சில திங்களில் தங்கையின் முகம் தெளிந்தது. சாவியை வைத்த இடம் நினைவிருந்தது. காலின் மரப்பு மட்டும் முற்றிலும் நீங்கவில்லை. நாட்பட்ட நரம்புச் சிதைவு முழுதும் மீள்வதில்லை என்றார் மருத்துவர். ஒரு மாலை அவள் எம்மைக் கேட்டாள்: "அக்கா, மருமகளைத் திருடி என்று சொன்னேனே, அப்படிச் சொன்னவள் நானா, இல்லையா?"

இதற்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. 'எல்லாம் வேதியியல், உனக்கு அதில் பங்கில்லை' என்பது ஒன்று. 'மனத்தை அடக்காதது உன் குற்றமே. உடல்மேல் பழி போடாதே' என்பது மற்றொன்று. ஒன்றை மட்டும் பற்றினால் இரண்டும் ஏகாந்தமே. முன்னதை ஏற்றால், சினத்தை வென்ற பெருமக்களின் வெற்றிக்கும் பொருளில்லாது போகும். பின்னதை ஏற்றால், காய்ச்சலில் பிதற்றும் குழந்தையையும் தண்டிக்க வேண்டும்.

நம் முன்னோர் இவ்விடத்தில் நிமித்த காரணம், உபாதான காரணம் என இரண்டைப் பிரித்துக் காட்டினர். குடத்திற்கு மண் உபாதானம். குயவனும் சக்கரமும் நிமித்தம். வினை பயன் தருவதும் பொருள், இடம், காலம், நிலை ஆகியவற்றைச் சார்ந்தே என்றனர். உருவமற்ற உயிரின் அறிவை உருவுடைய பொருள் மறைப்பதற்குக் கள்ளையே எடுத்துக்காட்டினர். உண்ட கள் அறிவை மயக்குவதை யார் மறுப்பர்? ஆகவே பொருளால் உள்ளம் கலங்கும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. உணவும் நுண்ணுயிரும் சத்துக் குறைவும் நிமித்தங்கள். நிமித்தம் வலிதாகும்போது உயிரின் ஆற்றல் மறைகிறது, அழிவதில்லை. மேகம் கதிரவனை மறைத்தலால் கதிரவனுக்குக் குற்றமில்லை. ஆயினும் வயலுக்கு வெயில் கிட்டவில்லை என்பதும் மெய்.

இவ்வுண்மையை யாம் வகுப்பறையிலேயே கற்றிருக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், பாடத்தைக் கவனியாத பிள்ளையைக் கவனிக்கச் செய்யும் முறைகள் பலவற்றைப் பயின்றோம். பணியில் சேர்ந்த புதிதில், முதற்பாட வேளையில் தலைசாய்த்த ஒரு சிறுவனைப் பெஞ்சின்மேல் நிற்கவைத்தோம். முந்தைய இரவிலிருந்து அவன் உண்ணவில்லை என்பது பின்னரே தெரிந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபின், உச்சிவேளைக்குப் பிந்தைய வகுப்புகளில் முகங்களே மாறியதைக் கண்ணாரக் கண்டோம். 2022இல் காலை உணவும் தொடங்கப்பெற்றது கேட்டு, பெஞ்சின்மேல் நின்ற அச்சிறுவனை எண்ணிக்கொண்டோம். சோம்பல் என்று யாம் பெயரிட்டது பசி. கண்டிருந்தும், அதே பிழையைத் தங்கையிடம் மீண்டும் செய்தோம்.

எனவே யாம் கண்ட முடிவு இதுவே. நிமித்தம் என்னும் சலுகையைப் பிறருக்குத் தாராளமாகவும் தமக்குச் சிக்கனமாகவும் வழங்குக. பிறர் சினந்தால், மறந்தால், சோர்ந்தால், அவருடைய குணத்தைத் தீர்ப்பிடுமுன் உடலைக் கேளுங்கள். தாம் சினந்தால், உடலைக் கேட்பதோடு உள்ளத்தையும் கேளுங்கள். அறுபது வயது கடந்தவர், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்பவர், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர், பாலையும் நீத்தவர் ஆகியோர் பி12 அளவை மருத்துவரிடம் கூறிச் சோதித்தறிதல் நலம். மருந்து வாங்கும்போது உறை ஜெலட்டினால் ஆனதா என்று கேளுங்கள். அது விலங்கிலிருந்து கிடைப்பது. மாத்திரையாகவோ தாவர உறையிலோ இம்மருந்து கிடைக்கிறது. உணவின் தூய்மையைக் காப்பதும் நோயுற்றாருக்கு மருந்து ஊட்டுவதும் ஒன்றற்கொன்று பகையன்று.

அவ்வாண்டு தசலக்ஷண நோன்பு நிறைவுற்று, ஒருவரையொருவர் மன்னிப்புக் கோரும் க்ஷமாவணி நாள் வந்தது. தங்கை மருமகளின் முன் கைகுவித்தாள். அப்பெண் பதறி, "அத்தை, நோய் பேசியதற்கு நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள்?" என்றாள். "பேசியது நோயாகவே இருக்கட்டும். நொந்தது நீதானே, அம்மா" என்றாள் தங்கை. 'சொன்னவள் நானா' என்று எம்மிடம் கேட்ட வினாவிற்கு அவளே விடை கண்டுவிட்டாள். பழி யாருடையது என்று கணக்கிட்டு முடிக்கும்வரை புண்ணுக்கு மருந்திடாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

அதன்பின் யாம் தங்கையின் முன் கைகுவித்தோம். நோன்பால் என்ன பயன் என்று கேட்ட அந்நாளில் எம் குருதியில் எச்சத்தும் குறைந்திருக்கவில்லை. எமக்குச் சாக்காக ஒரு நிமித்தமும் இல்லை. அவள் எம் கைகளைப் பற்றிக்கொண்டு, "சாப்பிட்டீர்களா, அக்கா?" என்று மட்டும் கேட்டாள். பொழுது சாய்வதற்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது. மருமகள் மூவருக்கும் இலை போட்டாள்.